எட்டுச் சொட்டு

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வீட்டில், தெருவில், பள்ளியில், இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில், எங்கே போனாலும் இதுதான் என்னைப் பற்றிய முதல் புகார். "இவகிட்ட வாயக் குடுத்து மீள முடியாது" என்பார்கள். அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "நான் கெழக்குன்னா இவ மேற்கும்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. தலைக்கு எண்ணெய் வை என்றால் வைக்க மாட்டேன். குடை எடுத்துக்கொண்டு போ என்றால் வேண்டுமென்றே நனைந்துகொண்டு வருவேன். பத்தாவது முடித்ததும் அவள் காமர்ஸ் எடுக்கச் சொன்னாள். நான் உயிரியல் எடுத்தேன்.

"காமர்ஸ் படிச்சா எதுனா கடையில ஒக்காந்து பில்லு போடலாம். நெழல்ல வேல. எலும்பப் பத்தியும் கொடலப் பத்தியும் படிச்சிட்டு நீ இன்னா பண்ணப் போற?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரும்மா."

இதுதான் அவளுக்கு நான் எப்போதும் சொல்லும் பதில். இன்றைக்கு அந்த வாயை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்குப் புதுச்சேரியில் பெயிண்ட் அடிக்கும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். அம்மா கூலிக்குப் போவாள். நடவு, களையெடுப்பு, தை தாண்டினால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த செட்டு அது. ஒருத்தி நாலு நாள் வராமல் படுத்துவிட்டால் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அதனால் அம்மா காய்ச்சலோடும் போவாள். நான் டவுன் பஸ்ஸில் திண்டிவனத்துக்குப் படிக்கப் போவேன். ப்ளஸ் ஒன்.

உயிரியலில் எனக்கு விலங்கியல்தான் உயிர். அதிலும் மனித உடல் வந்துவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் வயிற்றைத் திறந்து காட்டும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது. அதன் கல்லீரலை எந்த மகராசி தூக்கிக்கொண்டு போனாளோ, அந்த இடம் காலியாக இருக்கும். விலங்கியல் மிஸ் அங்கே விரலை வைத்து, "இங்க கல்லீரல் இருக்கறதா நெனச்சிக்கோங்க" என்பார். நினைத்துக்கொள்வோம். மிஸ் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். சத்தம் போட மாட்டார். வண்டி தாமதமானால் மூச்சு வாங்க ஓடிவந்து, அந்த மூச்சையே காட்டி உதரவிதானம் நடத்துவார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படித்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மா மேல் ஒப்பிப்பேன். அவள் அசந்து படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இது காரை எலும்பு, இது மார்பெலும்பு, இது விலா" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லுவேன். அவள் கூச்சத்தில் நெளிந்து, "அடச்சீ, கையை எடு, மாட்டைத் தடவுற யாவாரி மாதிரி" என்று சிரிப்பாள். அந்த வருஷம் காரை எலும்பைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கைப்பிடி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. எண்ணிப் படிக்க வசதியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் எவள்தான் இளைக்கவில்லை என்று நினைத்துவிட்டேன்.

ஒருநாள் மிஸ், மறுநாள் செய்முறை வகுப்பில் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என்றார். பெஞ்சுக்கு ஒருத்தி வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவர வேண்டும். காலையில் முதல் தடவை போவதுதான் நல்லது. பீரியட்ஸில் இருப்பவர்கள் வேண்டாம், நிறம் குழப்பும். சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு முழுக்க முந்தானையில் வாயைப் பொத்தாத குறை. எங்கள் பெஞ்சில் நாலு பேர். மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, "நீ எடுத்தா", "ஐய, நான் மாட்டேம்பா" என்று இழுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல இன்னாடி வெக்கம்? உங்க ஒடம்புலேர்ந்துதானே வருது? டாக்டருக்குப் படிக்கணும்னு ஆச, இதுக்கு மட்டும் வெக்கம். நான் எடுத்தார்றேன் மிஸ்!"

"சபாஷ்" என்றார் மிஸ். அந்த சபாஷை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் எழுந்தால் எனக்கு அந்த மூன்று நாள் தொடங்கியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு முடியாது என்று பெஞ்சில் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பெண்கள் பள்ளிதான், யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஆனால் முந்தின நாள் அத்தனை பேச்சு பேசிவிட்டு வெறுங்கையோடு போவதா? அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றேன். இருமல் மருந்து பாட்டிலை வெந்நீரில் அலசிக் கையில் வைத்திருந்தேன்.

"இன்னாடி இது?"

சொன்னேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அடிப் பாவி! பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா இதையா கேக்கறாங்க? இதுக்குத்தான் காமர்ஸ் எடுன்னேன். அதுல இந்த மாதிரி எதுனா கேப்பாங்களா?"

"ஜல்தியா குடும்மா. பஸ்ஸு வந்துரும்."

"குடுக்கறேன், குடுக்கறேன். யார்னா கேட்டா உன்னுதுன்னே சொல்லு. என் மானத்தக் கப்பலேத்திடாத." அப்படியே சிரித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பாட்டிலைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன் மேல் பழைய துணியையும் சுற்றி, சாப்பாட்டுப் பையில் படாமல் வை என்று நாலு தடவை சொன்னாள்.

ஆய்வகத்தில் பெஞ்சு பெஞ்சாகச் செய்தோம். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல். மயில் கழுத்து நீலம். அதில் எட்டுச் சொட்டு மாதிரி. ஸ்பிரிட் விளக்கில் இரண்டு நிமிஷம் கொதிக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. இருந்தால் பச்சையாகும், அதிகமிருந்தால் மஞ்சள், அதற்கும் மேல் ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. எல்லாருக்கும் நீலம்தான் வரும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். அதனால் பிறகு குளுக்கோஸ் பொடியைக் கலந்து நிறம் மாறுவதைக் காட்டுவதற்காக ஒரு பாக்கெட்டை வாங்கி மேசை மேல் வைத்திருந்தார்.

முதல் பெஞ்சு நீலம். இரண்டாவது நீலம். மூன்றாவது எங்களுடையது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குழாய்க்குள் பச்சை ஓடி மறைந்தது, மஞ்சள் வந்தது, அதுவும் நிற்காமல் அடியிலிருந்து சிவப்பாகத் திரண்டது. நல்ல சூளைச் செங்கல் நிறம். எனக்கு முதலில் வந்தது பெருமை, வேறென்ன! எங்கள் பெஞ்சுக்குத்தான் முடிவு வந்திருக்கிறது என்று குழாயை உயர்த்திக் காட்டினேன்.

"யாருடி அதுக்குள்ள குளுக்கோஸப் போட்டது?" என்று மிஸ் அதட்டினார். பாக்கெட்டைப் பார்த்தார். பிரிக்கவே இல்லை. என் கையிலிருந்த குழாயை வாங்கி ஊற்றிவிட்டு, வேறு குழாய் எடுத்து, அவரே எட்டுச் சொட்டு எண்ணி விட்டுக் கொதிக்கவைத்தார். மறுபடியும் செங்கல் சிவப்பு. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏய், உங்க வீட்ல எறும்பு மொய்க்குதாடி?" என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம், முள்வேலி ஓரத்தில், அம்மா போகும் இடத்தில் சிவப்பெறும்பு சாரை சாரையாக ஊர்வதைப் பார்த்திருக்கிறேன். மருந்துப் பொடி தூவியதே நான்தான்.

மிஸ் என்னைப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்காரவைத்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தண்ணி தாகம் அதிகமா இருக்கா?"

"இல்ல மிஸ்." அம்மா கழனிக்கு எடுத்துப்போகும் இரண்டு லிட்டர் பாட்டில் பத்தாமல், அந்த மாதம்தான் ஐந்து லிட்டர் கேனுக்கு மாறியிருந்தாள்.

"ராத்திரில எத்தன தடவ எழுந்து போற?"

"போறதில்ல மிஸ்." கதவு கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் விடும்மா என்று நான் கத்தியது போன வாரம்.

"எடை கொறஞ்சிருக்கா? டிரெஸ் லூசாயிருக்கா?"

அம்மாவின் ரவிக்கைக் கைகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தது நான்தான். காரை எலும்பைத் தொட்டுப் படித்ததும் நான்தான்.

"இல்ல மிஸ்" என்றேன். அழுகை வந்துவிட்டது. மிஸ் நான் பயந்து அழுகிறேன் என்று நினைத்து என்னை அணைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மிஸ், அது என்னுடையது இல்லை, என் அம்மாவுடையது. அவ்வளவுதான், ஒரு வரி. வீராப்பாகப் பேசிவிட்டு ஏமாற்றிய அசிங்கம் ஒரு பக்கம், மானத்தைக் கப்பலேற்றாதே என்றவளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்பது ஒரு பக்கம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முதலில் சொல்லிவிடலாம், பிறகு மிஸ்ஸிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பெற்றோரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லி மிஸ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அம்மா கழனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கழுவிக்கொண்டே இருந்தாள். கால் சுத்தமான பிறகும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"யார்கிட்டனா சொன்னியா, என்னுதுன்னு?"

"சொல்லல."

"நல்லதாப் போச்சு. உன்னுதுன்னே இருக்கட்டும். ஆஸ்பத்திரில உனக்கு டெஸ்டு எடுப்பான். உனக்கு ஒண்ணும் இருக்காது. முடிஞ்சிது சோலி."

"உனக்கு இருக்கும்மா! சிவப்பாயிடுச்சி! அது ரொம்ப அதிகம்னு அர்த்தம். உனக்குத்தாம்மா எடுக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலம் வெல்லம் போட்டுக் காப்பி குடிச்சேன், அதான்."

"வெல்லம் அப்பிடியே எறங்கி வராதும்மா. கணையம்னு ஒண்ணு இருக்கு—"

"உங்க மாமனுக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க" என்றாள். அம்மாவின் அண்ணன் அவர். திருவாமாத்தூர் பக்கம் இருந்தார். காலில் முள் குத்திய புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். சுகர் என்றார்கள். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், வருஷம் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். "தெரியாத வரைக்கும் ராசா மாதிரி ஓடியாடிக்கினு இருந்தான். சுகருன்னு ஒரு வார்த்த சொன்னாங்க பாரு, அன்னிக்கே பாதி செத்துட்டான். எனக்கு அந்த வார்த்த வேணாம். மல்லாட்ட இன்னும் மூணு வாரம் இருக்கு. இப்ப படுத்தேன்னா செட்டுல வேற ஆளப் போட்டுடுவாங்க. உங்கப்பாகிட்ட மூச்சு வுடாத, தெரிஞ்சிதா?"

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் தண்ணீர் மொள்ளும் சொம்பு குடத்தில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது. என் அம்மா பயந்து நான் பார்த்ததே இல்லை. பாம்பை வரப்பில் வைத்து அடித்தவள் அவள். அதைக் கேட்டதும் என் வாய் அடைத்துப்போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்று சீட்டு வாங்கியது, ரத்தம் எடுக்கும் இடத்தைக் கேட்டு விசாரித்தது, "எம் பொண்ணு சார், சின்னப் பொண்ணு, கொஞ்சம் பாத்து எடுங்க" என்று கலங்கிய முகத்தோடு சொன்னது, எல்லாம் அத்தனை அழகாகச் செய்தாள். ரத்தம் எடுத்தவர் என் விரலில் குத்தி ஒரு சொட்டை மெஷினில் வைத்தார்.

"தொண்ணூத்தி ரெண்டு. ஒண்ணும் இல்லம்மா, பொண்ணுக்கு நல்லா இருக்கு." பிறகு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ. "வந்ததுதான் வந்துட்டீங்க. நீங்களும் விரலக் குடுங்க, பாத்துடலாம். ஒரு நிமிஷம்தான்."

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு எதுக்கு சார்? நான் கல்லு மாதிரி இருக்கறேன். பின்னால எவ்ளோ பேரு நிக்கறாங்க பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவே என்னைத்தான் பார்த்தார். நீ சொல்லேன் பாப்பா என்பது போல. அம்மா முந்தானைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். மல்லாட்டைச் செடி பிடுங்கிப் பிடுங்கிக் காய்ப்பேறிய கை. நான் தரையைப் பார்த்தேன். அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அம்மா கரும்புச் சாறு வாங்கினாள். பெரிய கண்டம் தாண்டியது போல முகம் மலர்ந்திருந்தது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

"நீ குடிக்காதம்மா."

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கிக் கூடவா குடிக்கக் கூடாது?" என்று சொல்லி மடக் மடக்கென்று குடித்தாள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். தாகம். அந்த இரண்டாவது தம்ளரை அவள் கையிலிருந்து தட்டிவிட்டிருக்க வேண்டும். நான் என் தம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை மிஸ் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். தொண்ணூற்றிரண்டு என்றேன். கடவுளே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் முகம் மாறியது. பாடம் நடத்துகிறவர் இல்லையா, யோசிக்க ஆரம்பித்துவிட்டார். "அப்ப எப்படிடி ரெண்டு தடவையும் சிவப்பு வந்துச்சு? அது உன்னுதுதானே?"

இங்கேயாவது சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் மிஸ் வீட்லயே குளுக்கோஸப் போட்டுக் கலக்கி எடுத்தாந்தேன். விளையாட்டுக்கு."

மிஸ் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலடி" என்றார். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு ஒரு வாரம் ஆய்வகத்துக்கு வெளியே நின்றேன். வகுப்பில் எனக்குக் குளுக்கோஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ப்ளஸ் டூ முடிகிற வரைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம் ரெக்கார்டு நோட்டு. 'மாதிரியில் குளுக்கோஸ் உள்ளது' என்று எழுதியிருந்ததை மிஸ் சிவப்பு மையில் அடிக்கச் சொன்னார். பக்கத்தில் 'குளுக்கோஸ் இல்லை' என்று என் கையாலேயே எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிறகு நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை கேட்டேன். மல்லாட்டை முடியட்டும் என்றாள். மல்லாட்டை முடிந்தது. திருவிழா முடியட்டும் என்றாள். நாவல் கொட்டையை இடித்துப் பொடி செய்து ஒரு பாட்டிலில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பதைப் பார்த்தேன். வெல்லக் காப்பியை நிறுத்திவிட்டாள், கேப்பைக் களி தின்றாள். கொஞ்சம் தேறியது போலவும் தெரிந்தது. சரி, ஏதோ செய்துகொள்கிறாள் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷ முழுப் பரீட்சையில் நீரிழிவு நோயின் அறிகுறிகளை விவரி என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், அதிகப் பசி, எடை குறைதல், பார்வை மங்குதல் என்று கோடு போட்டு எழுதினேன். ஐந்துக்கு ஐந்து. அந்த விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம்தான் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

டாக்டருக்கெல்லாம் நான் படிக்கவில்லை. பி.எஸ்சி. முடித்து, குரூப் ஃபோர் எழுதி, விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனேன். பில்லு போடும் வேலையைவிடக் கொஞ்சம் பெரிய பில்லு, அவ்வளவுதான். அம்மாவும் அப்பாவும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். ஆறு மாதம் முன்னால் தெருவுக்கு வந்த நர்ஸம்மா எல்லாருக்கும் விரலில் குத்திப் பார்த்தார். அம்மாவால் தப்பிக்க முடியவில்லை. மெஷினில் எண் வராமல் 'ஹை' என்று எழுத்து வந்தது. அம்மா என்னைப் பார்க்காமல், "எனக்கா? சுகரா?" என்று அதிசயப்பட்டாள். மாத்திரை ஆரம்பித்தோம். போன மாதம், கண்ணுக்குள் நூல் நூலாக மிதக்கிறது, வலது பக்கம் திரை போட்டது போல இருக்கிறது என்றாள். புதுச்சேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு, டாக்டரம்மா விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"சுகர் எத்தன வருஷமா இருக்கும்மா?"

"ஆறு மாசமாம்மா" என்றாள் அம்மா.

டாக்டரம்மா மறுபடியும் விளக்கை எடுத்துப் பார்த்தார். "ஆறு மாசத்துல விழித்திரை இப்படி ஆகாது. பின்னாடி முழுக்க ரத்தம் கசிஞ்சிருக்கு. ரொம்ப வருஷமா இருந்திருக்கணும். இதுக்கு முன்னாடி யாரும் டெஸ்ட் பண்ணிப் பாக்கவே இல்லையா?"

"ஒன்பது வருஷம்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் டெஸ்ட் பண்ணேன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது. செங்கல் சிவப்பு வந்துச்சு."

"அப்புறம் ஏன் மருந்து எடுக்கல?"

ஒன்பது வருஷமாக யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த கேள்வி. அம்மாவின் முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன். டாக்டரம்மா, வலது கண்ணில் இனிப் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க முடியாது, இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, அதற்கு லேசர் செய்து இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அம்மா முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். வில்லியனூர் தாண்டியதும் நான்தான் தாங்க மாட்டாமல் ஆரம்பித்தேன். "அன்னிக்கி அந்த ஆளு உன் விரலக் கேட்டாரேம்மா. நான் சொல்லியிருக்கணும்மா."

"நான்தானே வேணாம்னேன்."

"நீ வேணாம்னா வுட்டுடறதா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இன்னாடி தெரியும்? பயந்துக்கினு வேணாம்னேன். நீ படிச்ச பொண்ணு. பொறந்ததுலேர்ந்து நான் சொன்னது எதையாவது கேட்டிருக்கியா? எண்ணெ வெய்யின்னா வெச்சியா? காமர்ஸ் எடுன்னா எடுத்தியா? அந்த ஒண்ண மட்டும் ஏன்டி கேட்ட?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் கண்டமங்கலம் நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் கிளம்பியது.

"கண்டமங்கலம் வந்துடுச்சா?" என்று கேட்டாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.